புதுப்பிப்பு: பழைய லேண்ட் ரோவரில் வெள்ளைப் பொடி, என் பதிலில் ஒரு திருத்தம்

"அலுமினிய பாடிதானே, பெயின்ட் ஏன் கொப்பளிக்கிறது?" என்ற கேள்விக்கு, ஸ்டெயின்லெஸ் போல்ட் மாற்றினால் போதும் என்று எழுதியிருந்தேன். அது தவறு.

1948-ல் இந்த வண்டி அறிமுகமானபோது பிரிட்டனில் எஃகுத் தட்டுப்பாடு. அதனால்தான் பேனல்கள் பிர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவையில் வந்தன. சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), பல்க்ஹெட் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பு), கதவுச் சட்டம் எல்லாம் எஃகு. இரண்டும் தொடும் இடத்தில் ஈரம், குறிப்பாக உப்பு ஈரம் தங்கினால் கரைவது அலுமினியம்தான். அந்த அரிப்புதான் வெள்ளைப் பொடியாகி, பெயின்ட்டைக் கொப்பளிக்க வைக்கிறது. ஸ்டெயின்லெஸ்ஸும் காப்பில்லாமல் போட்டால் துளையைச் சுற்றி அதே வேலையைச் செய்யும்.

பேனலைக் கழற்றி, பொடியை நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். எஃகு வயர் பிரஷ் கூடவே கூடாது. அதன் துகள் பதிந்து புது அரிப்பைத் தொடங்கும். பிறகு எட்ச் பிரைமர் (பெயின்ட் உலோகத்தில் பிடிக்க உதவும் அடிப்பூச்சு), பெயின்ட். மாட்டும்போது இரு உலோகத்துக்கும் நடுவே பியூட்டைல் டேப் (ரப்பர் போன்ற ஒட்டு நாடா), போல்ட்டுக்கு நைலான் வாஷர். மேலோட்டமாகப் பட்டி பார்ப்பது காசுக்குக் கேடு.

கையோடு சேசிஸின் வடிகால் துளைகளில் அடைந்த சேற்றையும் குத்தி எடுங்கள். சேசிஸின் பின்பக்கக் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரைச் சுத்தியலால் தட்டும்போது கணீரென்று கேட்காமல் மந்தமாகக் கேட்டால், உள்ளே துரு அரித்திருக்கலாம்; பேனல் வேலையை நிறுத்திவிட்டு முதலில் வெல்டரைப் பாருங்கள்.