எச்டிஆர் படத்துக்கு எந்த ஃபைல்: 32 பிட்டா, 16 பிட்டா?

உப்புவெளியான்: “ரேடியன்ஸ் 32 பிட், ஓப்பன்ஈஎக்ஸ்ஆர் வெறும் 16 பிட், ஆகவே ரேடியன்ஸ்தான் சிறந்தது” என்று நேற்று ஒருவர் இங்கே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். இரண்டும் எச்டிஆர் படத்தை, அதாவது கடும் வெளிச்சத்தையும் இருளையும் சேர்த்தே பதிகிற படத்தை, சேமிக்கும் ஃபைல் வகைகள். வாசித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அந்த 32 முழுப் பிக்சலுக்கும் சேர்த்து. சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தலா 8, மூன்றையும் எத்தனை மடங்கு பெருக்குவது என்று சொல்லும் பொதுவான அடுக்குக்கு (எக்ஸ்போனன்ட்) 8. ஈஎக்ஸ்ஆரில் 16 என்பது ஒரு நிறத்துக்கு மட்டும். மூன்றுக்கும் 48.

டச்சுபே: எழுதியவன் நான்தான் தம்பி, பேரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். 32 பெரிதா 16 பெரிதா? கிரெக் வார்ட் 1980களிலேயே எழுதத் தொடங்கிய ரேடியன்ஸ் என்ற ஒளிக் கணக்கு மென்பொருளோடு வந்த ஃபைல் அது. உங்கள் ஈஎக்ஸ்ஆரை ஐஎல்எம் என்ற சினிமா கிராபிக்ஸ் நிறுவனம் வெளியே விட்டதே 2003இல்தான்.

உப்புவெளியான்: வயதை யார் கேட்டது அண்ணை? 48 என்கிறேன். நம்ம திருகோணமலைச் சுவாமிமலையில் விடியற்காலை வானத்தைப் பாருங்கள். செம்மஞ்சள், சிவப்பு உச்சத்தில், நீலம் அடியில். பொது அடுக்கைப் பெரிய நிறம்தான் தீர்மானிக்கும். சிவப்பு 200 என்றால் நீலம் 10ஆகக் கிடக்கும். அடுத்த படி 11. ஒரே தாவலில் பத்து வீதம்! வைட் பேலன்ஸை, அதாவது படத்தின் நிறச் சமநிலையை, கொஞ்சம் நீலப் பக்கம் தள்ளினால் போதும், வானம் வரி வரியாக உடையும். ஈஎக்ஸ்ஆரில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அடுக்கு, ஒவ்வொரு ஸ்டொப்புக்கும், அதாவது வெளிச்சம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவைக்கும், 1024 படி.

டச்சுபே: பாடம் நல்லது. சூரியனையே நேரே பிடித்தால்? உங்கள் 16 பிட்டில் எழுதக்கூடிய எண் 65504ஓடு முடிந்துவிடும். ரேடியன்ஸ் அதையெல்லாம் தாண்டி எங்கேயோ போகும். 32 பெரிது.

உப்புவெளியான்: ஈஎக்ஸ்ஆரிலும் ஒரு நிறத்துக்கு 32 பிட் வைக்கலாம். அப்போது பிக்சலுக்கு 96.

டச்சுபே: பார்த்தீர்களா, கடைசியில் நீங்களும் 32க்குத்தான் வந்து நிற்கிறீர்கள்.

மூதூரான்: போனில் எடுக்கிற எங்களுக்கு இதெல்லாம் எதற்கு? ஆண்ட்ராய்ட் 14இல் வந்த அல்ட்ரா எச்டிஆர் சாதாரண ஜேபெக்தான், கூடவே எந்த இடத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுவது என்று சொல்லும் ஒரு வெளிச்ச வரைபடம். பழைய போனிலும் திறக்கும். ஈஎக்ஸ்ஆரை வாட்ஸப்பில் அனுப்பிப் பாருங்கள்.

உப்புவெளியான்: மூதூர் நானா, அது பார்ப்பதற்கு. நாங்கள் கதைப்பது வேலை செய்வதற்கான ஃபைல். அடிப்படை ஜேபெக் நிறத்துக்கு 8 பிட்தான். அதை வைத்து எதைத் திருத்துவது?

மூதூரான்: “நாங்கள்” என்று யாரைச் சேர்க்கிறீர்கள்? போன வருசம் என் கோட்டை மான் படத்தின் வாட்டர்மார்க்கை வெட்டிவிட்டுப் பகிர்ந்தவர் நீங்கள். அன்றைக்கு மட்டும் ஜேபெக் இனித்ததோ?

உப்புவெளியான்: அது குழுவில் வந்த படம், வெட்டியது நானில்லை. ஆயிரம் தடவை சொல்லியாயிற்று.

டச்சுபே: மான் படம் உண்மை. நானும் பார்த்தேன்.

உப்புவெளியான்: மானை விடுங்கள் அண்ணை! பிக்சலுக்கு 32, பிக்சலுக்கு 48. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

டச்சுபே: சொல்லிவிட்டேனே. 32.

மூதூரான்: என் படத்துக்கு யார் பதில் சொல்வது?

உப்புவெளியான்: இன்றிரவு அதே விடியலை இரண்டு ஃபைலிலும் சேமித்து, நீலத்தைக் கூட்டிப் போடுகிறேன். வரி எதில் விழுகிறது என்று எல்லோரும் பார்க்கட்டும். 48 அண்ணை, 48.

டச்சுபே: போடுங்கள். வாட்டர்மார்க்கோடு போடுங்கள்.