கேரட் குடும்பச் செடியின் ‘இலை’: கலைச்சொல் தேவை

நண்பர்களே,

அருகிவரும் தாவரங்கள் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்குள் கொடுத்தாக வேண்டும். கேன்பி டிராப்வார்ட்டில் மாட்டிக்கொண்டேன். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரச் சமவெளியில், மேரிலாந்து முதல் ஜார்ஜியா வரை, சதுப்புகளில் ஆங்காங்கே மிஞ்சியிருக்கும் செடி. 1986 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. கேரட் குடும்பம்தான், ஆனால் கேரட் போல நுணுக்கமாகப் பிரிந்த இலை இல்லை. சிற்றிலைகள் ஒழிந்து, அவை ஒட்டியிருக்க வேண்டிய நடு அச்சு மட்டும் குச்சியாக நிற்கும். உள்ளே பொள்ளல், இடையிடையே குறுக்குத் தடுப்பு. ஆங்கிலத்தில் ‘ராக்கிஸ் லீஃப்’. ‘காம்பிலை’ என்று போடலாமா?

*

> ‘காம்பிலை’ என்று போடலாமா?

கூடாது. ஆஸ்திரேலிய அக்கேசியாக்களில் இலைக்காம்பே தட்டையாகி இலையின் வேலையைப் பார்க்கிறதே, அதற்கு அந்தச் சொல் வேண்டும். இது காம்பு அல்ல, அச்சு. தென்னோலையை நினையுங்கள்: ஈர்க்கிலை.

*

ஐயா, தொல்காப்பியத்தின் மரபியல் பகுதியை மறந்துவிட்டீர்களே. தொல்காப்பியர் ஈர்க்கைப் புல்லுக்குக் கொடுத்தார், இலையை மரத்துக்குக் கொடுத்தார். வெளியே வைரம் பாய்ந்த புறக்காழையும் (புல்) உள்ளே வைரம் பாய்ந்த அகக்காழையும் (மரம்) ஒரே சொல்லில் கட்டிப் போடுகிறீர்கள்! போகட்டும். தென்னையில் ஈர்க்கு என்பது கீற்றின் நரம்பு. அச்சுக்குப் பெயர் மட்டை. அப்படியானால் ‘மட்டையிலை’ என்பீர்களா?

*

ஈர்க்கு கெட்டியானது, இது பொள்ளல். வெங்காயத்தாள் என்று எல்லோரும் சொல்கிறோமே, அதுவும் பொள்ளல்தானே? ‘தாளிலை’. மாணவருக்கும் புரியும்.

*

> மாணவருக்கும் புரியும்

காகிதத்தில் செய்த இலை என்று புரியும். பேசாமல் ‘ராக்கிஸ் இலை’ என்றே விட்டுவிடலாம்.

*

இவ்வளவு சண்டையும் இலைக்கா? பக்கத்திலேயே வளரும் இன்னொரு டிராப்வார்ட்டுக்கும் இதே குச்சி இலைதான். இலையை வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது. காயைப் பார்க்க வேண்டும்: கேன்பிக்கு விளிம்பில் தடித்த தக்கைச் சிறகு, மற்றதற்கு மெல்லியது. கிழங்குத்தண்டு ஓடுகிறதா என்றும் பார்க்கலாம், ஆனால் அருகிய செடியைத் தோண்டச் சொல்லிக் கையேட்டில் எழுதாதீர்கள். அதற்குப் பெரிய எமன் வடிகால் வாய்க்கால். நிலத்தடி நீர் இறங்கினால் குளம் காடாகிவிடும். அந்தப் பத்தியைத் தெளிவாக எழுதுங்கள் அக்கா.

*

‘தக்கைச் சிறகு’ அருமை, அப்படியே எடுத்துக்கொண்டேன். இலைக்குத் தாளிலை என்று போட்டு, அடைப்புக்குள் ராக்கிஸ் இலை என்று சேர்த்து அனுப்பிவிட்டேன். மூன்று பேர் சரி என்றார்கள், மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள் போலிருக்கிறது.

*

தூங்கவில்லை. ஈர்க்கிலைதான்.