கரகோலில் மூன்று நாள்: மலையேறாதவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?

ஊர்சுற்றி:
ஆகஸ்ட் கடைசியில் கிர்கிஸ்தான் போகிறோம், கரகோலில் மூன்று நாள். தேடிப் பார்த்தால் எல்லோரும் ஆலா-குல் ஏரிக்கு ஏறிய கதையையே எழுதுகிறார்கள். ஊரைப் பற்றி ஒரு வரி, அதுவும் மூட்டையை வைத்துவிட்டுக் கிளம்புகிற இடம் என்கிற மாதிரி. என்னோடு அம்மா வருகிறார், 64 வயது, முழங்கால் வலி. ஏற்றம் ஆகாது, ஆனால் சந்தை என்றால் நாள் முழுக்க நடப்பார். சைவம், முட்டை மட்டும் உண்டு. மூன்று நாள் வீணாகிவிடுமா?

பிஷ்கெக்_மாணவன்:
நான் இங்கே மருத்துவம் படிக்கிறேன், கரகோலுக்கு நாலு முறை போயிருக்கிறேன், அதில் ஒரே முறைதான் மலையேறினேன். அம்மாவைத் தாராளமாகக் கூட்டி வாருங்கள். ஒன்றே ஒன்று, மூன்று நாளில் ஒரு ஞாயிறு வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள், மால் பஜார் என்கிற கால்நடைச் சந்தை அன்றைக்குத்தான். விடியும்போதே போய்விட வேண்டும், பத்து மணிக்குப் போனால் சாணம்தான் மிச்சம். இந்த ஊர் ஆட்டுக்கு வால் இருக்கும் இடத்தில் கொழுப்பு மூட்டை தொங்கும், வாங்க வருகிறவர் அதைக் கையால் தூக்கி எடை பார்ப்பார், அப்புறம்தான் பேரமே ஆரம்பிக்கும். வாங்கிய ஆட்டைப் பழைய லாடா காரின் டிக்கியில் ஏற்றுவார்கள், அது தலையை நீட்டிக்கொண்டு போகும்.

ஊருக்குள் துங்கன் பள்ளிவாசல். துங்கன்கள் 19ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து தப்பி வந்த முஸ்லிம்கள், அதனால் பார்க்கச் சீனக் கோயில் மாதிரியே இருக்கும், கூரை முனை வளைந்து, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக. 1910இல் முடித்தது, ஆணியே அடிக்காமல் மரத்தை மரத்தோடு கோத்துக் கட்டியதாகச் சொல்கிறார்கள். அம்மா தலையை மூட ஒரு துப்பட்டா எடுத்து வரட்டும். அங்கிருந்து மரத்தாலான ரஷ்யத் தேவாலயம் கிட்டத்தில்தான், போகிற வழியில் நீலம் பூசிய ஜன்னல் கதவுகளும் நெட்டை மரங்களுமாகப் பழைய ரஷ்யத் தெருக்கள் வரும், அவசரப்படாதீர்கள். ஊரே 1869இல் ரஷ்ய ராணுவம் முகாம் போட்டு உண்டாக்கியதுதான். பிரஷெவால்ஸ்கி என்ற பயணி 1888இல் இங்கே டைஃபாய்டில் இறந்ததால் ரொம்ப நாள் அவர் பெயரிலேயே இருந்தது.

சைவப்பட்சி:
சந்தை பற்றித் தம்பி சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. நாற்றம், சேறு, போதாததற்கு அந்த டிக்கி ஆடு ஒரு வாரம் கண்ணிலேயே நின்றது. யோசித்துப் போங்கள்.

சாப்பாட்டுக்கு அஷ்லான்-ஃபூ. துங்கன்கள் செய்வது, கோதுமை நூடுல்ஸோடு ஸ்டார்ச் ஜெல்லியை நறுக்கிப் போட்டு, காடியும் மிளகாயும் கலந்த குளிர்ந்த சாறு ஊற்றித் தருவார்கள், முட்டைத் துண்டுகள் கிடக்கும். கூடவே உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த ரொட்டி. பஜாரில் இதற்கென்றே ஒரு சந்து இருக்கிறது. ஆனால் சில இடத்தில் இறைச்சியும் போடுவார்கள், 'பெஸ் மியாசா' (இறைச்சி இல்லாமல்) என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். லக்மான் என்கிற கறி நூடுல்ஸுக்கு இதைச் சொன்னபோது ஓர் உணவகத்தில் கறித் துண்டுகளை மட்டும் கரண்டியால் பொறுக்கிவிட்டு அதே கிண்ணத்தைத் திருப்பி வைத்தார்கள். நான் ரொட்டியும் தேனும் கய்மாக் என்கிற கெட்டிப் பாலாடையுமாகவே பாதி நாள் ஓட்டினேன், குறை ஒன்றும் இல்லை.

முழங்கால்_கட்சி:
அல்தின் அராஷான் வெந்நீர் ஊற்று, முழங்காலுக்கு நல்லது என்று யாராவது ஆசை காட்டுவார்கள். ஊற்று நல்லதுதான், வழிதான் நல்லதில்லை. முழுக்கப் பாறாங்கல், ஜீப்பில் போனாலும் எலும்பு கழன்றுவிடும். நான் வெந்நீரில் இறங்கியது ஏறி வந்த வலி தீரத்தான், திரும்பி இறங்கியதும் பழையபடி வலி.

அதற்குப் பதில் ஜெத்தி-ஓகுஸ் போங்கள். ஏழு எருதுகள் என்று அர்த்தம், செம்பாறைகள் வரிசையாக நிற்கும், கார் அடிவாரம் வரை போகும். மாலை வெயிலில் பாறை இன்னும் சிவக்கும். மிச்ச நேரத்துக்கு இஸிக்-குல் கரை, லேசான உப்புத் தண்ணீர், குளிர்காலத்திலும் உறையாத ஏரி.

ஊர்சுற்றி:
எல்லோருக்கும் நன்றி. அல்தின் அராஷான் ரத்து. சந்தையைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன், நாற்றம் சேறு எல்லாம் சேர்த்து. "ஆடு என்ன விலை போகுதுன்னு கேட்டுட்டு வரலாமே" என்கிறார். ஞாயிறு வருகிற மாதிரி தேதியை மாற்றிவிட்டேன்.