பால் சாம்பிள் கேஸ்: விதியையே எதிர்த்து ஹைகோர்ட் போனால் நிற்குமா?

வாழப்பாடி பால்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். வாழப்பாடி பக்கத்துக் கிராமங்களில் பால் வாங்கி, சேலம் அம்மாப்பேட்டை டீக்கடைகளுக்கு ஊற்றுகிறேன். நாளுக்கு நானூறு லிட்டருக்குள்தான், பதிவுச் சான்றும் இருக்கிறது. சித்திரை வெயிலில் வண்டியை நிறுத்தி சாம்பிள் எடுத்தார்கள். இப்போது ரிப்போர்ட் வந்திருக்கிறது: கொழுப்பு 3.6 சதவீதம், எஸ்.என்.எஃப் (கொழுப்பு தவிர்த்த திடச்சத்து) 7.9 சதவீதம். பசும்பாலுக்கு 8.3 வேண்டுமாம், அதனால் தரம் குறைந்த பால் என்று எழுதிவிட்டார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்கவில்லை. கோடையில் மாடு கொடுப்பதே அவ்வளவுதான். எங்கள் லைனில் இன்னும் சிலருக்கும் இதே கதை. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, அந்த 8.3 விதியையே எதிர்த்து ஹைகோர்ட்டில் ரிட் மனு போடலாம் என்கிறார்கள். தொழில் செய்வது அடிப்படை உரிமைதானே? நிற்குமா?

அஸ்தம்பட்டி வக்கீல்:
நிற்காது. வசூல் பண்ணியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தொழில் உரிமை அரசியலமைப்பின் 19(1)(ஜி)-யில் இருக்கிறது. பொதுநலனுக்காக அதற்கு நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்று 19(6) இருக்கிறதே. குழந்தைகள் குடிக்கிற பாலுக்குத் தர அளவு வைப்பது அநியாயம் என்று எந்த நீதிபதி முன்னால் நின்று சொல்வது?

வெளிநாட்டிலும் இப்படி மோதிப் பார்த்திருக்கிறார்கள். 1933-ல் பால் விலை விழுந்து விவசாயிகள் நொடித்தபோது, அமெரிக்காவில் நியூயார்க் மாகாணப் பால் வாரியம் கடை விலையைக் குவார்ட்டுக்கு (ஏறக்குறைய ஒரு லிட்டர்) 9 சென்ட் என்று நிர்ணயித்தது. ரோச்செஸ்டர் மளிகைக்கடைக்காரர் லியோ நெபியா, இரண்டு குவார்ட் பாலையும் 5 சென்ட் ரொட்டி ஒன்றையும் சேர்த்து 18 சென்ட்டுக்குக் கொடுத்தார். அதாவது ரொட்டி சும்மா. மலிவாக விற்றதற்காக 5 டாலர் அபராதம்! அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1934-ல் 5-க்கு 4 என்று தோற்றார். அவருடைய வக்கீல் செலவு எவ்வளவு ஆகியிருக்கும் என்று எங்கள் ஆட்களைக் கேட்டால் சிரிப்பார்கள்.

ஜெயித்தவர்கள் விதியைத் தொடவில்லை, அதிகாரத்தில் இருந்தவர் செய்யவேண்டியதைச் செய்யவில்லை என்று போனார்கள். 1968-ல் இங்கிலாந்தில் பேட்ஃபீல்டு வழக்கு. பால் வாரியம் கொடுக்கும் விலை எங்கள் பகுதிக்குக் கட்டுப்படியாகவில்லை என்று தென்கிழக்குப் பண்ணைக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். அமைச்சர் அதை விசாரணைக் குழுவுக்கு அனுப்பவே மறுத்தார். சட்டம் எதற்காக அதிகாரம் கொடுத்ததோ, அதையே முடக்கும்படி அமைச்சர் நடக்கக்கூடாது என்று அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. (அப்புறம் குழு பண்ணைக்காரர்கள் பக்கம் சொல்லியும் அமைச்சர் அசையவில்லை, அது தனிக் கூத்து.)

உங்களுக்குப் பக்கத்தில் வருவது டெல்லி மாநகராட்சி - கீசா ராம் வழக்கு, 1967. அவர் விற்ற தயிரில் சாம்பிள் எடுத்துவிட்டு, கேஸ் போடுவதில் தாமதம் செய்தார்கள். அவர் மறுபரிசோதனை கேட்டபோது, சாம்பிளில் அவரிடம் கொடுத்திருந்த பகுதி கெட்டுப்போயிருந்தது. அந்த உரிமை கைநழுவிப் போனதால் தண்டிக்க முடியாது என்று நம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது பழைய கலப்படத் தடைச் சட்டம். இப்போதுள்ள 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் அதே மாதிரி வழி இருக்கிறது, பிரிவு 46(4). ரிப்போர்ட் கைக்கு வந்த 30 நாளுக்குள் மாவட்ட நியமன அலுவலரிடம் (உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட அதிகாரி) மேல்முறையீடு செய்ய வேண்டும். அவர் ஒப்புக்கொண்டால் மறுபரிசோதனைக்கு வேறு ஆய்வகத்துக்குப் போகும்.

சாம்பிளை நான்காகப் பிரித்து சீல் வைத்தார்களா? சாம்பிள் கெடாமல் இருக்க ஃபார்மலின் விட்டார்களா? பகுப்பாய்வாளருக்கு 14 நாள்தான், ரிப்போர்ட் தேதி என்ன? ரிப்போர்ட் எப்போது கைக்கு வந்தது?

பயப்படாதீர்கள், தரக்குறைவு என்றால் ஜெயில் கிடையாது. டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) விசாரிப்பார். அபராத உச்சவரம்பு 5 லட்சம் என்பதால் அலட்சியமாகவும் இருக்கவேண்டாம்.

ஏத்தாப்பூர் மாட்டுக்காரர்:
கேஸ் ஒரு பக்கம் இருக்கட்டுங்க. உங்களுக்கு ஊற்றுகிறவர்கள் மாட்டுக்கு என்ன போடுகிறார்கள்? நம்ம பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மரவள்ளிக்கிழங்கு அரைத்து மிஞ்சும் திப்பி மலிவு என்று அதையே கொட்டுகிறார்கள். வயிறு நிறையும், ஆனால் திப்பியில் புரதம் ரொம்பக் கம்மி. புண்ணாக்கும் பசுந்தீவனமும் போகாமல் எஸ்.என்.எஃப் எங்கிருந்து ஏறும்? சொசைட்டியில் மெஷின் வைத்து, சத்துக்குத் தகுந்த காசு கொடுக்கிறார்கள். நீங்கள் அடர்த்தி மட்டும் பார்க்கிற லேக்டோமீட்டரோடு நிறுத்திக்கொண்டால் எல்லாப் பாலும் ஒரே விலைதான், யார் புண்ணாக்கு வாங்குவார்கள்?

வாழப்பாடி பால்காரன்:
திப்பிதாங்க அண்ணா, பொய் சொல்லவில்லை. வக்கீல் சார், ரிப்போர்ட் தபாலில் வந்து மூன்று வாரம் ஆகிறது. கவரை வைத்திருக்கிறேன். நான்கு பாட்டிலில் ஊற்றியது ஞாபகம் இருக்கிறது, ஃபார்மலின் பற்றித் தெரியாது.

அஸ்தம்பட்டி வக்கீல்:
மூன்று வாரமா! ரிட் பேச்சை விடுங்கள், இந்த வாரமே மேல்முறையீட்டைக் கொடுங்கள். கவரில் தபால் முத்திரைத் தேதி தெரிகிற மாதிரி ஜெராக்ஸ் எடுத்து இணையுங்கள். நேரில் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். தண்ணீர் கலந்தால் கொழுப்பும் இறங்கும், உங்களுடையது பசும்பாலுக்கு வேண்டிய 3.2-க்கு மேலேயே நிற்கிறது. முடிவாக நிரூபிக்காது, ஆனாலும் அந்த வரியை மனுவில் விடாதீர்கள்.