கட்டை சாமான் செய்த பெரியப்பாவை இந்த வருஷக் கூத்தில் எப்படி நினைவுகூரலாம்?

கேள்வி: கொருக்குப்பேட்டைப் பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தெருக்கூத்துக் குழுவுக்கு, அதாவது ஜமாவுக்கு, கட்டை சாமான் செய்து கொடுத்தவர் மாசியில் காலமாகிவிட்டார். கட்டை சாமான் என்றால் வேஷக்காரர்கள் கட்டுகிற கிரீடம், புஜக்கட்டை மாதிரி மரத்தில் செய்த அணிகள். எனக்கு ரத்த சொந்தம் இல்லை. ஆனால் ஜமாவில் எல்லாருக்கும் அவர் பெரியப்பாதான். எங்கள் அப்பா பின்பாட்டுக்காரர் என்பதால், சின்ன வயதிலிருந்து நான் அவர் வீட்டுத் திண்ணையிலேயே கிடப்பேன்.

பெரியப்பா பின்னி மில்லில் தச்சு வேலை பார்த்தவர். 1996-ல் மில்லை மூடிய பிறகு எத்தனையோ பேர் ஆட்டோ ஓட்டப் போனார்கள், காவல் வேலைக்குப் போனார்கள். இவர் உளியை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். கட்டில், நாற்காலி எல்லாம் சோற்றுக்குச் செய்தது. மனசு முழுக்கக் கிரீடத்தில்தான்.

கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்து மீஞ்சூர் பக்கம் போய், வேலியில் நிற்கிற கல்யாண முருங்கையைத் தட்டிப் பார்த்து வாங்கி வருவார். ராத்திரி பத்து மணிக்குத் தலையில் ஏறுகிற கிரீடம் விடிந்த பிறகுதான் இறங்கும், அதற்குள் ஆடுகிறவன் கழுத்து ஒடிந்துவிடக் கூடாது என்பார். அந்த மரம் அவ்வளவு லேசு. நிழலில் காயவைத்து, செதுக்கி, மேலே வண்ணக் காகிதம் ஒட்டி, கண்ணாடிச் சில்லுகளைப் பதிப்பார். கண்ணாடி வாங்க கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்கு என்னையும் கூட்டிப் போவார். பதிக்கிற வேலை எனக்கு. ஒவ்வொரு சில்லையும் கொஞ்சம் சாய்த்து வைக்கச் சொல்வார். எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தால் வெளிச்சம் எதிரில் உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டும்தான் போகும், கடைசி வரிசைக் கிழவிக்கும் துரியோதனன் மின்ன வேண்டாமா என்று கேட்பார்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததே, அன்றைக்கு அவர் முதலில் பரணில் ஏற்றியது கட்டை சாமான் பெட்டியைத்தான். ரேஷன் கார்டு அதற்குப் பிறகு. பெரியம்மா இன்னும் அதைச் சொல்லித் திட்டுகிறார், திட்டும்போதே அழுகிறார்.

இப்போது விஷயம் என்னவென்றால், ஆடியில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குக் கூத்து ஒப்புக்கொண்டிருக்கிறோம். அவர் செய்த துரியோதனன் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம், கன்னக்கட்டை எல்லாம் முழு செட்டாக இருக்கிறது. கண்ணாடி சில உதிர்ந்திருக்கிறது, பின்பக்கம் வண்டு துளைத்திருக்கிறது. கோயில்காரர்கள் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அவர் படத்தோடு மாட்டலாம் என்கிறார்கள். எங்கள் ஜமாவை நடத்துகிற வாத்தியார் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார். எனக்கு அதைப் பெட்டியில் பார்க்கவே பிடிக்கவில்லை. வேஷத்துக்குக் கட்டலாமா, தாங்குமா? வேறு எப்படி அவருக்குச் செய்யலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: செய்யாத்தங்கரை

தங்கச்சி, நான் செய்யாறு பக்கம், வேஷக்காரன். எங்கள் ஊர்ப் பக்கம் புரிசையிலும் சுற்றுக் கிராமங்களிலும் பழைய கட்டை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் பெரியப்பா மரம் காயவைத்த விதத்தைப் படித்தாலே தெரிகிறது, அது தாங்கும்.

முதலில் வண்டைக் கவனியுங்கள். துளைக்குள் வேப்பெண்ணெயை மெல்லிய தூரிகையால் விடுங்கள். ரெண்டு வாரம் விட்டுப் பாருங்கள், திரும்ப மரத்தூள் கொட்டினால் இன்னொரு முறை விடுங்கள். கடும் வெயிலில் வைக்கக் கூடாது, காகிதம் சுருண்டுவிடும். கண்ணாடி ஒட்ட மைதாப் பசையில் துளி மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினால் பூச்சி அண்டாது. மயில்துத்தம் விஷம், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஃபெவிகால் நன்றாகப் பிடிக்கும்தான், ஆனால் பிற்பாடு ஒரு சில்லை மாற்ற வேண்டுமென்றால் மரத்தோடு பிய்ந்து வரும்.

அப்புறம் ஒன்று கேட்கிறேன். கருமாதிக்குக் கர்ண மோட்சக் கூத்து வைத்தீர்களா? எங்கள் பக்கம் சாவு வீட்டில் அதுதான் வழக்கம். கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற்றுப் போருக்குப் போகிற இடத்தில் அழாத ஆள் கிடையாது. வைக்கவில்லை என்றால் தலைத்திவசத்துக்கு வையுங்கள். கூத்துக்காக வாழ்ந்த மனுஷனுக்கு ஒரு ராத்திரிக் கூத்துதான் மரியாதை.

பதில் 2: எழும்பூர்வாசி

என் கருத்து வேறு. வடசென்னை உப்புக்காற்றில் மரமும் ஜரிகையும் நிற்காது. ஒரு செட்டையாவது அருங்காட்சியகத்தில் கேட்டுப் பாருங்கள். ஆடுகிற பொருள் என்றைக்காவது உடையும். அவர் கை வேலை ஒன்றாவது நூறு வருஷம் இருக்க வேண்டாமா?

பதில் 3: புளியந்தோப்பு பழைய ஆள்

அம்மா, நீ சொல்கிறவரோடு நான் மில்லில் வேலை பார்த்தவன். யார் என்று புரிந்துவிட்டது. அவர் வேஷம் கட்டினதை நீ பார்த்திருக்க மாட்டாய், நீ பிறப்பதற்கு முன்னாடி.

துச்சாதனன் கட்டுகிறவருக்கு ஜுரம். விடிந்தால் துகில் உரிகிற கட்டம், ஆள் இல்லை. இவரைப் பிடித்து உட்காரவைத்து முகத்தில் சிவப்பு பூசிவிட்டார்கள். வசனம் எல்லாம் மனப்பாடம், ஏனென்றால் ஒரு கூத்து விடாமல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர். புடவையில் கை வைப்பதற்கு முன் துச்சாதனன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்பான் இல்லையா, இவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், முடிக்கவே இல்லை. ஒரு கற்பூரம் அணைந்து அடுத்தது ஏற்றினார்கள். முகவீணைக்காரர் ஊதி ஊதி ஓய்ந்துபோனார். திரௌபதி வேஷக்காரர்தான் மெதுவாக, 'அண்ணே, தொடுங்க, பொழுது விடியுது' என்றார். கை நடுங்கிக்கொண்டே தொட்டார். ஜனங்கள் நடிப்பு என்று நினைத்துக் கும்பிட்டார்கள். அதற்கப்புறம் எத்தனை பேர் கூப்பிட்டும் வேஷத்துக்கு வரவில்லை. 'நான் மரத்தோடவே இருக்கேன்'னு சொல்லிட்டார்.

பெட்டியில் வைக்காதே அம்மா. துரியோதனன் விழுகிற பதினெட்டாம் போர்க் கூத்து அன்றைக்குக் கட்டு.

கொருக்குப்பேட்டைப் பொண்ணு

ஐயா, இதை அப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். பெரியம்மாவுக்கே தெரியாதாம். கூத்து அன்றைக்கு நீங்கள் கட்டாயம் வர வேண்டும், உங்களை அழைத்துவர ஆள் அனுப்புகிறோம்.

எழும்பூர் அண்ணன் சொல்வதையும் ஒதுக்கவில்லை. அவர் செய்த பழைய புஜக்கட்டை ஒரு ஜோடி தனியாக இருக்கிறது, கட்ட முடியாத அளவு வெடித்திருக்கிறது. அதை வேண்டுமானால் கொடுக்கலாம். கிரீடம் ஆடும். வாத்தியாரிடம் பேசிவிட்டேன். கடைசி நாள் பதினெட்டாம் போர் முடிந்து விடியற்காலை படுகளத்துக்குத் துரியோதனன் இந்தக் கிரீடத்தோடுதான் போவான். மைதானத்தில் மண் கொட்டித் துரியோதனன் உருவம் செய்து, பாஞ்சாலி கூந்தல் முடிக்கிற வரைக்கும் ஊரே நிற்கும். பெரியப்பா வருஷா வருஷம் அந்தக் கூட்டத்தில் நின்று கிரீடத்தை மட்டும் பார்ப்பார், எங்கே கண்ணாடி விழுந்திருக்கிறது என்று எண்ணுவார்.

கருமாதிக்குக் கர்ண மோட்சம் வைக்க முடியவில்லை, கையில் பணம் இல்லை. மாசியில் தலைத்திவசத்துக்கு வைக்கிறோம். ஜமாவில் யாரும் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

செய்யாறு அண்ணா, வேப்பெண்ணெய் விட ஆரம்பித்தாயிற்று. ஒரு உதவி கேட்கிறேன். அவர் பாதி செதுக்கி வைத்த கன்னக்கட்டை ஒன்று இருக்கிறது, அதன் ஜோடியை நானே செதுக்கிப் பார்க்க ஆசை. மீஞ்சூரில் அவர் மரம் வாங்கின வேலி இப்போது வீட்டுமனை ஆகிவிட்டது. பொன்னேரி, செங்குன்றம் பக்கம் கல்யாண முருங்கை எங்கே கிடைக்கும் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். ஆடிக்குள் காய வேண்டும்.