மறு: பர்ன்அவுட் – நாளை அச்சு, ஒரு சொல் வேண்டும்

நண்பர்களே, செவிலிய மாணவிகளுக்கான கையேடு, 'பர்ன்அவுட்' என்பதற்குத் தமிழில் ஒரு சொல் கிடைக்காமல் நிற்கிறது. 'சோர்வு' என்று போட்டால், நன்றாகத் தூங்கி எழுந்தால் தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் மூன்று கூறுகள் சொன்னது: தெம்பு வற்றுவது, வேலையில் மனம் விலகிக் கசப்பது, செய்திறன் குறைவது. இது நோயல்ல, வேலையிடத்தில் மட்டும் வருவது என்றும் சொன்னது.
– நாகர்கோவில்

டீச்சர், சொல் கையிலேயே இருக்கிறது. 'அருமை உடைத்தென்று அசாவாமை வேண்டும்' (குறள் 611). அசாவுதல் தளர்தல், ஆகவே 'பணியசாவு'. தொல்காப்பியத்தில் அழுகை பிறக்கும் நான்கு: 'இளிவே இழவே அசைவே வறுமை'. அசா, அசை, அயர் மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு. உயிர் உசிராகவில்லையா, முயல் முசலாகவில்லையா?
– தக்கலை

அண்ணாச்சி, குறள் சரி. இரவுப் பணி முடித்து மார்த்தாண்டம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி தூங்கும் பிள்ளைக்கு 'அசாவு' புரியுமா?

எங்க அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்ட வேண்டிய மரத்தைத் தினமும் வெட்டினால், கத்தி போன கோட்டில் அங்கங்கே மட்டும் பால் துளிர்க்கும். நடுவில் காய்ந்து கிடக்கும். அப்புறம் சிரட்டையில் ஒரு சொட்டும் விழாது. மேலே இலையெல்லாம் பச்சையாகத்தான் நிற்கும். 'பட்டை மரத்துப் போச்சு' என்பார். மரத்தை ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டார். 'வெட்டு கூடிப்போச்சு, கொஞ்ச நாள் விடணும்' என்பார். எனக்கு இதுதான் முக்கியம். சோர்வு, தளர்ச்சி, அசாவு எல்லாமே பிள்ளையின் குறையைச் சொல்கின்றன. 'பணிமரப்பு' என்றால் வெட்டியவன் யாரென்ற கேள்வி வரும். மனம் விலகுவதும் அதற்குள் அடங்கும்.
– குலசேகரம்

தம்பி, ரப்பர் தெரியாத ஊரில் 'மரப்பு' என்றால் ஊசி போட்டு மரக்கவைப்பதுதான். அதுவும் செவிலியர் கையேட்டில்! தவிர, 'மரம்போல்வர் மக்கட்பண்பு இல்லாதவர்' (குறள் 997). ராவும் பகலும் நோயாளியைப் பார்த்த பிள்ளைக்கா அந்தப் பெயர்?
– தக்கலை

அண்ணாச்சி சொன்ன ஊசிக் குழப்பம் உண்மைதான். வகுப்பில் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். 'அசாவு' என்றதும் எழுத்துக்கூட்டச் சொன்னார்கள். 'மரப்பு' என்றதும் அருமனைப் பிள்ளை ஒருத்தி, "எங்க தோட்டத்துல ரெண்டு மரம் அப்படித்தான் டீச்சர் நிக்கு" என்றாள். பணிமரப்பு என்றே போடுகிறேன். பக்கத்தில் பர்ன்அவுட்டும் இருக்கும்.
– நாகர்கோவில்

போடுங்கள். என் வாக்கு அசாவுக்குத்தான். அடுத்த பதிப்புக்கு முன்னால் மறுபடி எழுதுகிறேன்.
– தக்கலை