‘காப்பிரைட் கிளெய்ம்’ என்பதற்கு ‘வில்லங்கக் குறி’: ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

யூடியூப் போன்ற தளங்களில் வரும் ‘காப்பிரைட் கிளெய்ம்’ (ஒரு காணொளியில் தன் படைப்பு இருப்பதாக உரிமையாளர் கோருவது), ‘டேக்டவுன் நோட்டீஸ்’ (அதை எடுத்துவிடுமாறு தளத்திடம் அவர் முறையிடுவது) ஆகிய இரண்டையும் ‘நீக்கல் அறிவிப்பு’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடலாம் என்று இக்குழுவில் அண்ணாச்சி எழுதியிருந்தார்கள். இரண்டும் செயலில் வேறுபடுவதால் அதற்கு உடன்பட இயலவில்லை.

எங்கள் பக்கத்துக் கோயில் கொடை விழாவையே எடுத்துக்கொள்வோம். நள்ளிரவுச் சாமக்கொடை நடக்கும்போது நையாண்டி மேளக்காரர்கள், கூடியிருப்போர் கேட்டுக்கொண்டதற்காக ஒரு திரைப்பாடலை நாகசுரத்தில் வாசிக்கிறார்கள். உண்மையான சமயச் சடங்கின்போது ஓர் இசைப்படைப்பை நிகழ்த்துவது மீறலாகாது என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கூறுகிறது. ஆயினும், படம்பிடித்த ஸ்டூடியோக்காரர் அதை மறுநாள் வலையேற்றும்போது அந்த விலக்கும் உடன் வரும் என்று கொள்ள முடியாது. யூடியூபில் 2007 முதல் இயங்கும் ‘கன்டென்ட் ஐடி’, உரிமையாளர்கள் கொடுத்துவைத்திருக்கும் மாதிரிகளோடு ஏற்றப்படும் ஒலியை ஒப்பிட்டு, மெட்டு ஒத்துப்போனாலும் கிளெய்ம் போட்டுவிடக்கூடியது. உரிமையாளர் விரும்பினால் காணொளியை மறைக்கலாம். ஆனால் பல வேளைகளில் காணொளி இருந்த இடத்திலேயே இருக்க, விளம்பர வருவாய் மட்டும் அவர் கணக்குக்குப் போகும். எதுவுமே நீக்கப்படாத இடத்தில் ‘நீக்கல்’ என்று சொன்னால் ஸ்டூடியோக்காரர் வீணாகப் பதறத்தான் செய்வார்.

இந்நிலைக்குப் பொருந்தும் சொல் பத்திரம் எழுதுவோரிடம் ஏற்கெனவே இருக்கிறது: வில்லங்கம். அடமானத்தில் உள்ள வீட்டில் உடையவர்தான் குடியிருக்கிறார், ஆனால் அதன்மேல் இன்னொருவருக்கும் பாத்தியதை உண்டு. மனை வாங்கும் எவரும் முதலில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதால் இச்சொல்லுக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. ‘வில்லங்கம் பிடித்த ஆள்’ என்னும் பேச்சுவழக்கின் காரம் இதில் ஏறிவிடும் என்ற தடையை எதிர்பார்க்கிறேன். கிளெய்ம் வாங்கியவர்களைக் கேட்டால் அந்தக் காரம் வேண்டும் என்றே சொல்வார்கள். இதைவிட வலுவான தடை ஒன்று உண்டு. அடமானத்தில் உடையவரே கையெழுத்திட்டிருக்கிறார், கிளெய்மிலோ எதிர்த்தரப்பு தானாகவே குறித்துவிடுகிறது. அதனால்தான் ‘வில்லங்கம்’ என்று மட்டும் நிறுத்தாமல் ‘வில்லங்கக் குறி’ என்கிறேன். குறியிட்டவர், குறியை மறுத்தல், குறி விலக்கல் என்று கிளைச்சொற்களும் இடறலின்றி வருகின்றன. மறுப்புக்கு விடைதர யூடியூப் குறியிட்டவருக்குத் தரும் 30 நாளை ‘மறுமொழிக் கெடு’ எனலாம். ‘வில்லங்கப் பதிவு’ என்றும் எண்ணிப் பார்த்தேன். இணையத்தில் எழுதுவதெல்லாம் ‘பதிவு’ ஆகிவிட்ட பின் அது குழப்பத்தையே தரும்.

‘டேக்டவுன்’ செய்தி வேறு. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தமும் 2013-ஆம் ஆண்டு விதிகளும் சொல்வது இது: உரிமையாளர் எழுத்துமூலம் முறையிட்டால், தளம் அதில் நிறைவுகொண்டு 36 மணி நேரத்துக்குள் அப்படைப்பை எவரும் அணுகாதபடி தடுக்க வேண்டும், 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் மீண்டும் திறந்துவிடலாம். எனவே நம் சட்டத்தின்படி இது தவணையுள்ள தடுப்பு. ‘நீக்கல்’ என்பது அந்தத் தவணையை மறைத்துவிடுகிறது; ‘அறிவிப்பு’ என்பதோ, வெறும் முறையீட்டை முடிந்துபோன தீர்ப்பாகக் காட்டுகிறது. ஆகவே ‘நிறுத்திவைப்பு முறையீடு’ என்பதை முன்வைக்கிறேன். சற்று நீளம்தான், ஆனால் பொருள் பிசகவில்லை. வலையேற்றியவர் எதிர் அறிவிப்பு தந்து படைப்பை மீட்கும் முறை அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து வந்தது. அதற்கு ‘எதிர்முறையீடு’ போதும்.

ஊர்வழக்கிலிருந்து சட்டச்சொல் எடுப்பது தரக்குறைவு என்போருக்கு ஒன்று. திரைப்படம் வெளியாகுமுன் பெயர் தெரியாத திருட்டுப் பிரதியாளர்களுக்கு எதிராகப் பெறும் தடையுத்தரவில், பெயர் தெரியாதவரைக் குறிக்கும் ஆங்கில வழக்கான ‘ஜான் டோ’வுக்கு மாற்றாக நம் நீதிமன்றங்களில் ‘அசோக் குமார்’ என்னும் கற்பனை ஆள் பிரதிவாதியாக நிற்கிறார். அவரையே ஏற்றுக்கொண்டவர்கள் வில்லங்கத்துக்கு முகம் சுளிக்க வேண்டியதில்லை.

பதிப்புரிமை மீறலுக்காக யூடியூப் சேனலின்மேல் போடும், மூன்று சேர்ந்தால் சேனலையே முடக்கக்கூடிய ‘ஸ்ட்ரைக்’குக்குச் சொல் இன்னும் அமையவில்லை. ‘தண்டனைப் புள்ளி’ பள்ளிக்கூட வாசனை அடிக்கிறது; ‘எச்சரிக்கை’யை யூடியூப் தன் சமூக வழிகாட்டுதல்களின் முதல் மீறலுக்கு வேறு பொருளில் ஆள்கிறது. 90 நாளில் காலாவதியாகக்கூடியது என்பதையும் கணக்கில் கொண்டு அண்ணாச்சியும் மற்றவர்களும் சொல் தந்தால், மூன்றையும் ஒன்றாகச் சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து